தொலைநிலை வழங்கி மேலாண்மை

தொலைநிலை வழங்கி மேலாண்மை என்பது ஒரு வழங்கிக் கணினியின் அருகில் செல்லாமல், வலையமைப்பின் வழியாகவே அதனை இயக்கவும், கண்காணிக்கவும், பழுது நீக்கவும் பயன்படும் முறைகளின் தொகுப்பாகும். வழங்கியை அணைத்தல், மீண்டும் தொடக்குதல், இயங்குதளத்தை நிறுவுதல், அமைவுகளை மாற்றுதல், வெப்பநிலையையும் மின்விசிறிகளின் வேகத்தையும் பார்த்தல் ஆகிய பணிகள் இதனுள் அடங்கும்.

இம்முறைகள் அனைத்தும் வலையமைப்பை நம்பியே இயங்குகின்றன. ஆகவே மேலாண்மைப் பாதைக்குரிய ஐ.பி முகவரி, சப்நெட் மாஸ்க், நுழைவாயில், விலான் எண், தீச்சுவர் விதிகள் ஆகியவற்றைச் சரியாக அமைப்பது இதன் அடிப்படைத் தேவையாகும். இவ்வமைவுகளுக்கு இரண்டு நோக்கங்கள் உள்ளன. ஒன்று, வழங்கியும் அதன் வழக்கமான வலையமைப்பும் செயலிழந்த வேளையிலும் மேலாண்மைப் பாதை திறந்திருக்க வேண்டும். மற்றொன்று, உரிமையில்லாத எவருக்கும் அப்பாதை எட்டாததாக இருக்க வேண்டும். முதலாவது தவறினால் நிருவாகி வெளியே பூட்டப்படுவார். இரண்டாவது தவறினால் அந்நியர் உள்ளே வந்துவிடுவார்.

தேவை

வழங்கிகள் பெரும்பாலும் தரவு மையங்களில் வைக்கப்படுகின்றன. இவை நிருவாகிகள் பணிபுரியும் இடத்திலிருந்து வேறு நகரத்திலோ வேறு நாட்டிலோ இருப்பது வழமை. அங்குள்ள வழங்கிகளுக்குத் திரையோ விசைப்பலகையோ இணைக்கப்பட்டிருப்பதில்லை. ஒரே மண்டபத்தில் ஆயிரக்கணக்கான வழங்கிகள் இருக்கலாம். ஒவ்வொரு சிறு மாற்றத்திற்கும் ஒருவர் நேரில் செல்வது இயலாத காரியமாகும்.

மேலும், ஒரு வழங்கி பழுதடையும்போதே அதன் மேலாண்மை மிகவும் தேவைப்படுகின்றது. இயங்குதளம் உறைந்துபோன நிலையில் அதன் வழியாக உள்நுழைய முடியாது. இந்த இடர்ப்பாட்டைத் தீர்ப்பதற்காகவே இயங்குதளத்தைச் சாராத தனி மேலாண்மை வன்பொருள்கள் உருவாக்கப்பட்டன.

வரலாறு

தொடக்ககாலத்தில் பெருங்கணினிகளும் சிறுகணினிகளும் தொடர் இணைப்புக் கம்பிகளின் மூலம் முனையங்களுடன் இணைக்கப்பட்டிருந்தன. நிருவாகி அமரும் முனையம் கன்சோல் என அழைக்கப்பட்டது. திசைவிகள், சுவிட்சுகள் ஆகியவற்றில் இத்தகைய தொடர் கன்சோல் இணைப்பு இன்றும் காணப்படுகின்றது.

வலையமைப்பின் வழியாக மற்றொரு கணினியில் உள்நுழைவதற்கான டெல்நெட் 1969 ஆம் ஆண்டு ஆர்ப்பாநெட் வலையமைப்பிற்காக உருவாகத் தொடங்கியது. அதன் நெறிமுறை 1983 இல் சீர்தரமாக வெளியிடப்பட்டது. டெல்நெட் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் மறையாக்கம் செய்யாமல் அனுப்புகின்றது. இடையில் உள்ள எந்தக் கணினியும் அவற்றைப் படித்துவிட முடியும்.

1995 இல் பின்லாந்தின் எல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்டதைத் தொடர்ந்து, அங்கு பணிபுரிந்த டாட்டு உலோனென் எஸ்.எஸ்.எச் எனப்படும் பாதுகாப்பான உறைபொதி நெறிமுறையை உருவாக்கினார். இதற்கு 22 என்னும் போர்ட் எண் வழங்கப்பட்டது. அவ்வெண் கோப்பு மாற்று நெறிமுறைக்குரிய 21, டெல்நெட்டுக்குரிய 23 ஆகியவற்றின் இடையில் இருந்த வெற்றெண்ணாகும். 1999 இல் ஓப்பன் பி.எஸ்.டி திட்டத்தினர் ஓப்பன் எஸ்.எஸ்.எச் என்னும் கட்டற்ற மென்பொருளை வெளியிட்டனர். 2006 ஆம் ஆண்டு எஸ்.எஸ்.எச் இன் இரண்டாம் பதிப்பு இணையச் சீர்தரமாக ஏற்கப்பட்டது. விண்டோஸ் வழங்கிகளுக்கான தொலை மேசைத்தள நெறிமுறை 1998 இல் விண்டோஸ் என்.டி 4.0 முனைய வழங்கிப் பதிப்புடன் வெளியானது.

வன்பொருள் மட்டத்திலான மேலாண்மைக்காக இன்டெல், டெல், எச்.பி, என்.ஈ.சி ஆகிய நிறுவனங்கள் இணைந்து 1998 இல் ஐ.பி.எம்.ஐ என்னும் இடைமுகச் சீர்தரத்தை அறிவித்தன. 2001 இல் வெளியான அதன் 1.5 ஆம் பதிப்பு வலையமைப்பு வழியான அணுக்கத்தை அறிமுகம் செய்தது. 2004 இல் வெளியான 2.0 ஆம் பதிப்பு மறையாக்கம், விலான் ஆதரவு, வலையமைப்பு வழியான தொடர் கன்சோல் ஆகியவற்றைச் சேர்த்தது. இச்சீர்தரத்தின் இறுதித் திருத்தம் 2015 இல் வெளியானது. அதே ஆண்டில் டி.எம்.டி.எப் என்னும் சீர்தர அமைப்பு, வலைத் தொழில்நுட்பத்தை அடிப்படையாகக் கொண்ட ரெட்பிஷ் என்னும் புதிய சீர்தரத்தை வெளியிட்டது.

இரு வகைப் பாதைகள்

மேலாண்மைப் பாதைகளை இரண்டாகப் பிரிக்கலாம்.

உட்பாதை: வழங்கியில் இயங்கும் இயங்குதளத்தின் வழியாகவே உள்நுழையும் முறை இதுவாகும். எஸ்.எஸ்.எச், தொலை மேசைத்தளம் ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை. அன்றாடப் பணிகளுக்கு இது போதுமானது. ஆயினும் இயங்குதளம் தொடங்காவிட்டாலோ, அதன் வலையமைப்பு அமைவு பிழையானாலோ இப்பாதை அடைபட்டுவிடும்.

புறப்பாதை: இயங்குதளத்தையும், இயன்றவரை அதன் வலையமைப்பையும் சாராமல் வன்பொருளை அணுகும் முறை இதுவாகும். வழங்கியின் தாய்ப்பலகையில் உள்ள பி.எம்.சி என்னும் மேலாண்மைக் கட்டுப்படுத்தி இதற்குப் பயன்படுகின்றது.

பி.எம்.சி என்பது வழங்கிக்குள் இருக்கும் மற்றொரு சிறு கணினி எனலாம். இதற்குத் தனிச் செயலி, நினைவகம், நிலைபொருள், ஐ.பி முகவரி ஆகியன உண்டு. பெரும்பாலானவற்றில் லினக்ஸ் இயங்குதளமே உள்ளது. மின்கம்பி செருகப்பட்டிருந்தால், வழங்கி அணைக்கப்பட்டிருக்கும் வேளையிலும் காத்திருப்பு மின்சாரத்தில் இது இயங்கிக்கொண்டிருக்கும். இதன் மூலம் வழங்கியின் திரையைத் தொலைவிலிருந்து காணலாம், விசைப்பலகையை இயக்கலாம், தொலைவில் உள்ள வட்டுப் படிமத்தை வழங்கியில் செருகிய குறுந்தட்டுப் போலக் காட்டி இயங்குதளத்தை நிறுவலாம்.

நிறுவனங்கள் இதனைப் பல்வேறு பெயர்களில் விற்பனை செய்கின்றன. எச்.பி.ஈ நிறுவனத்தின் ஐ.எல்.ஓ, டெல் நிறுவனத்தின் ஐடிராக், லெனோவோ நிறுவனத்தின் எக்ஸ்கிளாரிட்டி கன்ட்ரோலர் ஆகியன அவற்றுள் சிலவாகும்.

வலையமைப்பு அமைவுகள்

ஈதர்நெட் போர்ட்டைத் தேர்ந்தெடுத்தல்

பி.எம்.சி வலையமைப்புடன் மூன்று வகைகளில் இணைக்கப்படலாம்.

* தனிப் போர்ட்: மேலாண்மைக்கென்றே ஒதுக்கப்பட்ட ஈதர்நெட் போர்ட். இதற்குத் தனிக் கம்பியும் சுவிட்சில் தனி இடமும் தேவை. பாதுகாப்பிலும் நம்பகத்தன்மையிலும் இதுவே சிறந்தது.
* பகிர்ந்த போர்ட்: இயங்குதளம் பயன்படுத்தும் அதே ஈதர்நெட் போர்ட்டை பி.எம்.சியும் பயன்படுத்துகின்றது. கம்பி மிச்சமாகும். ஆனால் வழங்கி மீளத் தொடங்கும்போது மேலாண்மை இணைப்பும் சிறிது நேரம் துண்டிக்கப்படலாம். அந்தப் போர்ட்டோ கம்பியோ பழுதானால் இரு பாதைகளும் ஒருங்கே இழக்கப்படும்.
* தானியங்கு மாற்றம்: தனிப் போர்ட்டில் கம்பி இல்லையெனில் பி.எம்.சி தானாகவே பகிர்ந்த போர்ட்டுக்கு மாறிக்கொள்ளும்.

மூன்றாவது வகை சில தயாரிப்புகளில் தொழிற்சாலையிலிருந்து வரும் இயல்பு நிலையாக உள்ளது. இது கவனத்திற்குரியது. தனிப் போர்ட்டில் கம்பி செருகாததால் மேலாண்மை வசதி செயற்படவில்லை என்று நிருவாகி எண்ணியிருக்க, பி.எம்.சியோ வழங்கியின் வழக்கமான போர்ட் வழியாக முகவரி பெற்று, இணையத்திற்குத் தெரியும்படி நிற்கக்கூடும். ஆகவே பயன்படுத்தாத வேளையிலும் இவ்வமைவைத் தனிப் போர்ட் என வெளிப்படையாக மாற்றிவைப்பது நல்லது.

ஐ.பி முகவரி

பி.எம்.சிக்கு முகவரியை நிலையாக எழுதி வைக்கலாம், அல்லது டி.எச்.சி.பி வழங்கியிடமிருந்து தானாகப் பெறச் செய்யலாம். பல நூறு வழங்கிகள் உள்ள இடங்களில் டி.எச்.சி.பி முறை வேலையை எளிதாக்கும். ஒவ்வொரு பி.எம்.சியின் வன்பொருள் முகவரிக்கும் ஒரு குறிப்பிட்ட ஐ.பி முகவரியை ஒதுக்கிவைத்தால் அது மாறாமலும் இருக்கும்.

ஆயினும் இங்கு ஒரு சார்பு உண்டு. டி.எச்.சி.பி வழங்கியானது, மேலாண்மை செய்யப்படும் அதே வழங்கிகளுள் ஒன்றில் இயங்குவதாகக் கொள்வோம். மின்தடையின் பின்னர் அனைத்தும் ஒரே வேளையில் தொடங்கும்போது, முகவரி தர யாரும் இருக்கமாட்டார். டி.எச்.சி.பி வழங்கியைத் தொடக்க பி.எம்.சி தேவை, பி.எம்.சிக்கு முகவரி கிடைக்க டி.எச்.சி.பி வழங்கி தேவை. இந்தச் சுழலைத் தவிர்ப்பதற்காகச் சிறிய அமைப்புகளில் நிலையான முகவரிகளே விரும்பப்படுகின்றன.

சப்நெட் மாஸ்க்கும் நுழைவாயிலும்

சப்நெட் மாஸ்க் ஒரு முகவரியின் எப்பகுதி வலையமைப்பைக் குறிக்கின்றது, எப்பகுதி தனிக் கருவியைக் குறிக்கின்றது என்பதைத் தெரிவிக்கின்றது. நுழைவாயில் என்பது வேற்று வலையமைப்புகளுக்குச் செல்லும் பொதிகளை ஒப்படைக்க வேண்டிய திசைவியின் முகவரியாகும்.

எடுத்துக்காட்டாக, மேலாண்மை வலையமைப்பு பின்வருமாறு அமைந்துள்ளதாகக் கொள்வோம்:

* வலையமைப்பு: 10.20.30.0
* சப்நெட் மாஸ்க்: 255.255.255.0
* நுழைவாயில்: 10.20.30.1
* முதல் வழங்கியின் பி.எம்.சி: 10.20.30.11
* நிருவாகியின் கணினி: 10.20.40.5

நிருவாகியின் கணினி வேறொரு துணை வலையமைப்பில் உள்ளது. அது அனுப்பும் வேண்டுகோள் திசைவி வழியாக பி.எம்.சியை வந்தடையும். மறுமொழி அனுப்பும்போது பி.எம்.சி, 10.20.40.5 தன் வலையமைப்பைச் சேர்ந்ததன்று என அறிந்து, அதனை நுழைவாயிலிடம் ஒப்படைக்கும்.

நுழைவாயில் எழுதப்படாவிட்டால் வேண்டுகோள் வந்து சேரும்; மறுமொழி திரும்பாது. அதே துணை வலையமைப்பில் உள்ள கணினியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாக இயங்கும். வெளியிலிருந்து மட்டும் இயங்காது. இந்த அறிகுறி தென்பட்டால் முதலில் நுழைவாயிலைச் சரிபார்க்க வேண்டும்.

சப்நெட் மாஸ்க் 255.255.0.0 எனத் தவறாக எழுதப்பட்டாலும் ஏறக்குறைய இதே விளைவு உண்டாகும். அப்போது பி.எம்.சி, 10.20.40.5 என்பதைத் தன் அருகிலுள்ள கணினி எனக் கருதி, நுழைவாயிலை நாடாமல் நேரடியாகத் தேடும். பொதுவாக அத்தேடலுக்கு விடை கிடைக்காது.

வழங்கியின் இயங்குதளத்திலும் மேலாண்மைக்கெனத் தனி இடைமுகம் ஒன்று அமைக்கப்படுவதுண்டு. அவ்வாறு அமைக்கும்போது இரண்டு இடைமுகங்களிலும் இயல்பு நுழைவாயில் எழுதுவது வழமையான பிழையாகும். ஒரு வழியாக வந்த வேண்டுகோளுக்கு மறு வழியாக மறுமொழி சென்று, இடையிலுள்ள தீச்சுவரால் தடுக்கப்படும். இயல்பு நுழைவாயில் ஒன்று மட்டும் இருக்க வேண்டும். நிருவாகிகளின் வலையமைப்புக்கான வழியைத் தனி நிலைவழியாக மேலாண்மை இடைமுகத்தில் சேர்க்கலாம்.

விலான்

விலான் எனப்படும் மெய்நிகர் உள்ளக வலையமைப்பு ஒரே சுவிட்சை இணைந்து பயன்படுத்தும் கருவிகளைத் தனித்தனி வலையமைப்புகளாகப் பிரிக்கின்றது. ஒவ்வொரு விலானுக்கும் 1 முதல் 4094 வரை ஓர் எண் தரப்படும். மேலாண்மைக்கெனத் தனி விலான் ஒதுக்கினால், பொதுப் பயனர்களின் போக்குவரத்தும் மேலாண்மைப் போக்குவரத்தும் கலவாமல் இருக்கும்.

தனிப் போர்ட் பயன்படுத்தினால் சுவிட்சில் அப்போர்ட்டை மேலாண்மை விலானில் சேர்த்தால் போதும், பி.எம்.சியில் எண் எழுத வேண்டியதில்லை. பகிர்ந்த போர்ட் எனில், பி.எம்.சி தன் பொதிகளில் விலான் எண்ணைத் தானே பொறிக்க வேண்டும். சுவிட்சும் அந்த எண்ணை அப்போர்ட்டில் ஏற்க வேண்டும். இவ்விரண்டில் சுவிட்சை முதலில் மாற்றுவதே முறையாகும். பி.எம்.சியில் முதலில் மாற்றினால், மாற்றிய அக்கணமே இணைப்பு அறுந்துவிடும்.

போர்ட் எண்கள்

தீச்சுவரில் அனுமதிக்க வேண்டிய அல்லது தடுக்க வேண்டிய முதன்மையான போர்ட் எண்கள் பின்வருமாறு:

* எஸ்.எஸ்.எச்: டி.சி.பி 22
* டெல்நெட்: டி.சி.பி 23 (தடுக்கப்பட வேண்டியது)
* வலை இடைமுகமும் ரெட்பிஷும்: டி.சி.பி 443
* எஸ்.என்.எம்.பி கண்காணிப்பு: யு.டி.பி 161
* ஐ.பி.எம்.ஐ: யு.டி.பி 623
* தொலை மேசைத்தளம்: டி.சி.பி 3389

தீச்சுவர் விதியில் போர்ட் எண்ணை மட்டுமன்றி, எந்த முகவரியிலிருந்து வரலாம் என்பதையும் குறிப்பிட வேண்டும். எஸ்.எஸ்.எச் இன் போர்ட் எண்ணை 22 இலிருந்து வேறொன்றாக மாற்றுவதால் தானியங்கு நிரல்களின் உள்நுழைவு முயற்சிகள் குறையும். ஆனால் அதனைப் பாதுகாப்பு எனக் கொள்ளலாகாது. எல்லாப் போர்ட் எண்களையும் தேடிப் பார்ப்பது எளிது.

நேரமும் பெயரும்

பி.எம்.சியின் கடிகாரம் பிழையாக இருந்தால் அதன் நிகழ்வுப் பதிவுகளை மற்றக் கருவிகளின் பதிவுகளுடன் ஒப்பிட இயலாது. சான்றிதழ்களும் காலாவதியானவை போலத் தோன்றும். ஆகவே என்.டி.பி நேர வழங்கியின் முகவரியும் எழுதப்பட வேண்டும். டி.என்.எஸ் பெயர்கள் வசதியானவையே. எனினும் டி.என்.எஸ் செயலிழந்த வேளையில் பயன்படுவதற்காக ஐ.பி முகவரிகளின் பட்டியல் ஒன்றைத் தாளில் அச்சிட்டு வைத்திருப்பது பயனுள்ளது.

அமைக்கும் வரிசை

புதிய வழங்கி ஒன்றில் பொதுவாகப் பின்பற்றப்படும் வரிசை பின்வருமாறு:

1. வழங்கியை மேலாண்மை வலையமைப்பில் இணைக்கும் முன்னர், தொழிற்சாலையிலிருந்து வந்த கடவுச்சொல்லை மாற்றுதல்.
2. தொடக்கத் திரையில் உள்ள பயாஸ் அமைவுப் பக்கத்தில் தனிப் போர்ட்டைத் தேர்ந்தெடுத்து, முகவரி, சப்நெட் மாஸ்க், நுழைவாயில் ஆகியவற்றை எழுதுதல்.
3. சுவிட்சில் அப்போர்ட்டை மேலாண்மை விலானில் சேர்த்தல்.
4. அதே துணை வலையமைப்பிலிருந்தும், பின்னர் நிருவாகியின் வலையமைப்பிலிருந்தும் இணைப்பைச் சோதித்தல்.
5. நிலைபொருளை அண்மைப் பதிப்புக்கு மேம்படுத்துதல்.
6. தேவையற்ற சேவைகளை நிறுத்துதல். டெல்நெட், மறையாக்கமற்ற வலை இடைமுகம் ஆகியவற்றுடன், பயன்படுத்தாவிடின் வலையமைப்பு வழியான ஐ.பி.எம்.ஐயும் இதில் அடங்கும்.
7. வழங்கியை அணைத்த நிலையில் தொலைவிலிருந்து அதனைத் தொடக்கிப் பார்த்தல்.

ஏழாவது படி பலராலும் தவிர்க்கப்படுகின்றது. ஆனால் புறப்பாதை உண்மையில் பயன்படப்போவது அந்நிலையில்தான்.

இயங்குதளம் இயங்கிக்கொண்டிருக்கும் வழங்கியில், அதனுள்ளிருந்தே கட்டளைகள் மூலம் பி.எம்.சியின் முகவரியை மாற்றவும் முடியும். ஐ.பி.எம்.ஐ முறையில் இவ்வுள் வழிக்குப் பொதுவாக பி.எம்.சியின் கடவுச்சொல் தேவைப்படுவதில்லை. இயங்குதளத்தின் முழு நிருவாக உரிமை இருந்தால் போதும். கடவுச்சொல் மறந்த வேளையில் இது கைகொடுக்கும். அதே காரணத்தால், இயங்குதளத்தைக் கைப்பற்றிய ஒருவர் பி.எம்.சியில் தனக்கெனப் புதிய பயனர் கணக்கொன்றை உருவாக்கவும் முடியும். இயங்குதளத்தை அழித்து மீண்டும் நிறுவினாலும் அக்கணக்கு அழியாது.

தொலைவிலிருந்து மாற்றும்போது நேரும் இடர்

தான் பயன்படுத்திக்கொண்டிருக்கும் இணைப்பின் அமைவையே நிருவாகி மாற்றும்போது, ஒரு சிறு எழுத்துப்பிழையும் அவரை வெளியே தள்ளிவிடும். பிழையைத் திருத்துவதற்கான வழியும் அதே இணைப்பாக இருப்பதே இதன் சிக்கல். பின்வருவன இவ்வாறு பூட்டப்படுவதற்கான பொதுவான காரணங்களாகும்.

* எஸ்.எஸ்.எச் அனுமதி விதியைச் சேர்க்கும் முன்னர், அனைத்தையும் தடுக்கும் தீச்சுவர் விதியைச் செயற்படுத்துதல்.
* முகவரியை மாற்றிவிட்டு நுழைவாயிலை மாற்ற மறத்தல்.
* எஸ்.எஸ்.எச் சேவையைக் குறிப்பிட்ட மேலாண்மை முகவரியில் மட்டும் செவிமடுக்கச் செய்தல். வழங்கி மீளத் தொடங்கும்போது அம்முகவரி ஆயத்தமாகும் முன்னர் சேவை தொடங்கினால், அது தோல்வியுறக்கூடும்.
* திறவுகோல் வழி உள்நுழைவைச் சோதிக்காமலேயே கடவுச்சொல் உள்நுழைவை நிறுத்துதல்.

இவற்றைத் தவிர்க்கப் பல வழிகள் உள்ளன. அமைவை மாற்றிய பின்னர், திறந்திருக்கும் இணைப்பை மூடாமல், இரண்டாவது இணைப்பு ஒன்றைப் புதிதாகத் திறந்து பார்ப்பது மிக எளிய வழியாகும். எஸ்.எஸ்.எச் சேவையை மீளத் தொடக்கினாலும் ஏற்கனவே உள்ள இணைப்பு பொதுவாக அறுவதில்லை. புதிய இணைப்பு தோல்வியுற்றால், பழைய இணைப்பின் வழியாகவே பிழையைத் திருத்திவிடலாம்.

முகவரி மாற்றம் போன்றவற்றில் பழைய இணைப்பும் அறுந்துவிடும். அங்கு தானாக மீளும் முறை பயன்படுகின்றது. மாற்றத்தை நிருவாகி குறிப்பிட்ட நேரத்திற்குள் உறுதிசெய்யாவிடில், கருவி தானாகவே முந்தைய அமைவுக்குத் திரும்பிவிடும். ஜூனிப்பர் நிறுவனத்தின் ஜூனோஸ் இயங்குதளத்தில் உறுதிசெய்யும் கால அளவு இயல்பாக 10 நிமிடங்களாகும். உபுண்டு லினக்சில் உள்ள நெட்பிளான் கருவியின் சோதனைக் கட்டளை 120 நொடிகள் காத்திருக்கும். இவ்வசதி இல்லாத திசைவிகளில், மாற்றத்தைச் சேமிக்காமல் வைத்து, சிறிது நேரத்திற்குப் பின் கருவி மீளத் தொடங்கும்படி முன்கூட்டியே கட்டளை இட்டுவைப்பர். இணைப்பு நிலைத்தால் அக்கட்டளையை நீக்கிவிடலாம். அறுந்தால் கருவி பழைய அமைவுடன் மீண்டெழும்.

பாதுகாப்பு

பி.எம்.சியைக் கைப்பற்றியவர் வழங்கியின் முன் அமர்ந்திருப்பவருக்கு நிகரானவர். அவர் வழங்கியை அணைக்கலாம், தனக்கு விருப்பமான இயங்குதளத்தைத் தொடக்கலாம், வட்டில் உள்ள தரவுகளை அழிக்கலாம். இயங்குதளத்தில் உள்ள பாதுகாப்பு மென்பொருள்கள் இதனைப் பெரும்பாலும் காண்பதில்லை.

ஐ.பி.எம்.ஐ 2.0 சீர்தரத்தின் வடிவமைப்பிலேயே குறைகள் உள்ளன. உள்நுழைவு உறுதிசெய்யப்படும் முன்னரே, பயனரின் கடவுச்சொல்லிலிருந்து கணிக்கப்பட்ட ஒரு மதிப்பை பி.எம்.சி மறுமுனைக்கு அனுப்பிவிடுகின்றது. அதனைப் பெற்றவர் தன் கணினியில் வைத்தே கடவுச்சொற்களை ஒவ்வொன்றாக முயன்று பார்க்கலாம். இது சீர்தரத்தின் பகுதியாதலால் நிலைபொருள் மேம்பாட்டால் நீங்காது. கடவுச்சொல்லின் நீளமும் 20 எண்ணுண்மிகளுக்கு மேற்படாது. பூச்சிய மறைமுறை எனப்படும் மற்றொரு குறையால், சில தயாரிப்புகளில் பயனர்பெயர் மட்டும் தெரிந்தால் எந்தக் கடவுச்சொல்லைக் கொடுத்தும் உள்நுழைய முடிந்தது. பாதுகாப்பு ஆய்வாளர் டேன் பார்மர் 2013 இல் இவற்றைப் பரவலாக எடுத்துக்காட்டினார். அதே ஆண்டு சூலை மாதத்தில் அமெரிக்கக் கணினி அவசரநிலை ஆயத்தக் குழு இதுபற்றி எச்சரிக்கை விடுத்தது.

2017 இல் எச்.பி.ஈ நிறுவனத்தின் ஐ.எல்.ஓ 4 கட்டுப்படுத்தியில் ஒரு குறை வெளிப்பட்டது. வலை வேண்டுகோளின் தலைப்புப் பகுதி ஒன்றில் ஆங்கில முதலெழுத்தை 29 முறை எழுதி அனுப்பினாலே, கடவுச்சொல் இன்றி உள்நுழைய முடிந்தது. 2018 இல் ஜங்கிள்செக் என்னும் பணயத் தீநிரலைப் பரப்பியவர்கள், பாதுகாப்பற்ற ஐ.பி.எம்.ஐ இடைமுகங்களின் வழியாக வழங்கிகளில் நுழைந்தனர். 2025 ஆம் ஆண்டு மார்ச்சில், ஏ.எம்.ஐ நிறுவனம் உருவாக்கிப் பல வழங்கித் தயாரிப்பாளர்கள் பயன்படுத்தும் மெகாராக் நிலைபொருளில் உள்நுழைவைத் தவிர்த்துச் செல்லும் குறை வெளியிடப்பட்டது. அதே ஆண்டு சூனில் அமெரிக்க இணையப் பாதுகாப்பு முகமையான சீசா, அக்குறை உண்மைத் தாக்குதல்களில் பயன்படுத்தப்படுவதாக அறிவித்தது.

தொழிற்சாலைக் கடவுச்சொற்களும் நெடுங்காலச் சிக்கலாக இருந்தன. ஒரு தயாரிப்பின் எல்லா வழங்கிகளும் ஒரே பயனர்பெயருடனும் கடவுச்சொல்லுடனும் விற்கப்பட்டன. அவை கையேடுகளில் அச்சிடப்பட்டிருந்தன. 2020 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த கலிபோர்னியா மாநிலச் சட்டம், இணையத்துடன் இணையும் கருவிகளுக்கு ஒவ்வொன்றிற்கும் தனிக் கடவுச்சொல்லோ, முதற் பயன்பாட்டில் அதனை மாற்றும் கட்டாயமோ இருக்க வேண்டும் என்கிறது. அதன் பின்னர் பல தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு வழங்கிக்கும் வெவ்வேறு கடவுச்சொல்லை ஒட்டுச்சீட்டில் அச்சிட்டு வழங்கத் தொடங்கினர்.

இவற்றின் காரணமாக, மேலாண்மை இடைமுகத்தை நேரடியாக இணையத்தில் வைக்கலாகாது என்பது பொது விதியாக ஏற்கப்பட்டுள்ளது. 2023 சூனில் சீசா தன் நாட்டு நடுவண் அரசு நிறுவனங்களுக்கு விடுத்த கட்டளையில், இணையத்திற்குத் தெரியும் மேலாண்மை இடைமுகம் கண்டறியப்பட்டால் 14 நாட்களுக்குள் அதனை விலக்கவோ, தனி அணுக்கக் கட்டுப்பாட்டின் பின் வைக்கவோ வேண்டும் எனக் கூறியது.

நடைமுறையில் நிருவாகி முதலில் மெய்நிகர் தனியார் வலையமைப்பில் இணைந்தோ, தாவு வழங்கி எனப்படும் இடைநிலை வழங்கி ஒன்றில் உள்நுழைந்தோ, அங்கிருந்து மேலாண்மை வலையமைப்பை அடைகின்றார். எஸ்.எஸ்.எச் உள்நுழைவுக்குக் கடவுச்சொல்லை விடத் திறவுகோல் இணை பாதுகாப்பானது. 2015 இல் வெளியான ஓப்பன் எஸ்.எஸ்.எச் 7.0 பதிப்பு முதல், முதன்மை நிருவாகிக் கணக்கில் கடவுச்சொல் மூலம் உள்நுழைவது இயல்பாகத் தடுக்கப்பட்டுள்ளது. மேலும், ஒரு வழங்கியின் பி.எம்.சி மற்றொரு வழங்கியின் பி.எம்.சியை அணுகத் தேவை இல்லை. சுவிட்சில் அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று தனிமைப்படுத்தினால், ஒன்று கைப்பற்றப்பட்டாலும் மற்றவை தப்பும்.

மேலாண்மைப் பாதை இழந்த நிகழ்வுகள்

2021 அக்டோபர் 4 அன்று பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்சப் ஆகிய சேவைகள் உலகெங்கும் சுமார் ஆறு மணி நேரம் முடங்கின. வழமையான பராமரிப்பின்போது, முதுகெலும்பு வலையமைப்பின் கொள்ளளவை மதிப்பிடுவதற்காக இடப்பட்ட கட்டளை ஒன்று அதன் இணைப்புகள் அனைத்தையும் துண்டித்துவிட்டது. தவறான கட்டளைகளைத் தடுக்க வேண்டிய சோதனைக் கருவியில் இருந்த பிழையால் அது தடுக்கப்படவில்லை. தரவு மையங்களுடன் தொடர்பிழந்த டி.என்.எஸ் வழங்கிகள் தமது வழி அறிவிப்புகளைத் தாமே விலக்கிக்கொண்டன. வழமையான பாதையும் புறப்பாதையும் ஒருங்கே செயலிழந்ததால், பொறியாளர்கள் நேரில் தரவு மையங்களுக்கு அனுப்பப்பட்டனர் என்று நிறுவனம் தெரிவித்தது. அங்கும் கடுமையான நுழைவுப் பாதுகாப்பு ஏற்பாடுகளால் காலதாமதம் ஏற்பட்டது.

2022 சூலை 8 அன்று கனடாவின் ரோஜர்ஸ் தொலைதொடர்பு நிறுவனத்தின் வலையமைப்பு முடங்கியது. ஒரு கோடியே இருபது இலட்சத்திற்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டனர். அவசர அழைப்புகளும் வங்கி அட்டைக் கொடுப்பனவுகளும் தடைப்பட்டன. திசைவிகளில் வழி வடிகட்டி ஒன்று நீக்கப்பட்டதால், மையத் திசைவிகள் தாங்க இயலாத அளவு வழித் தகவல்களால் நிரம்பியதே இதற்குக் காரணமாகும். ரோஜர்சின் மேலாண்மை வலையமைப்பு அதே மைய வலையமைப்பைச் சார்ந்திருந்தது. எனவே மையம் முடங்கியதும் அதனைத் திருத்துவதற்கான பாதையும் முடங்கியது. ஊழியர்கள் தம்முள் தொடர்புகொள்ளவும் அந்நிறுவனத்தின் சேவைகளையே நம்பியிருந்தனர்.

இவ்விரு நிகழ்வுகளிலும் தொடக்கப் பிழை ஒரு கட்டளையாகவோ ஓர் அமைவு மாற்றமாகவோ இருந்தது. முடக்கம் மணிக்கணக்கில் நீடித்ததற்கு, திருத்தும் பாதை திருத்தப்படும் வலையமைப்பிலிருந்து பிரிந்து நில்லாததும் ஒரு காரணமாயிற்று.

வரம்புகள்

பி.எம்.சியும் ஒரு கணினியே. அதுவும் உறைந்துபோகலாம், அப்போது மின்கம்பியைக் கழற்றிச் செருகுவதே சில வேளைகளில் ஒரே வழியாகும். தொலைவிலிருந்து கட்டுப்படுத்தக்கூடிய மின்பகிர்வுப் பட்டை இருந்தால் இதனையும் நேரில் செல்லாமல் செய்யலாம். பழைய கட்டுப்படுத்திகளின் திரைக் காட்சி, இற்றைய உலாவிகளில் இயங்காத ஜாவா நிரல்களை நம்பியுள்ளது. தயாரிப்பாளர் ஆதரவை நிறுத்திய பின்னர் நிலைபொருள் குறைகள் திருத்தப்படாமலேயே எஞ்சுகின்றன.

முழுமையான புறப்பாதைக்குத் தனிச் சுவிட்சுகள், தனித் திசைவி, வேறொரு நிறுவனத்தின் இணைய இணைப்பு ஆகியன தேவை. சிறு நிறுவனங்களுக்கு இது செலவு மிக்கது. அத்தகைய இடங்களில் செல்பேசி வலையமைப்பில் இயங்கும் மோடம் ஒன்றைக் கன்சோல் வழங்கியுடன் இணைப்பது குறைந்த செலவிலான மாற்றாகும். மேகக் கணிமைச் சேவைகளில் வாடிக்கையாளருக்கு பி.எம்.சி அணுக்கம் பொதுவாகத் தரப்படுவதில்லை. அதற்கு மாற்றாகச் சேவை வழங்குநர்கள் தொடர் கன்சோல் வசதியை அளிக்கின்றனர். மெய்நிகர் வழங்கியின் வலையமைப்பு அமைவு பிழையாகி எஸ்.எஸ்.எச் அடைபட்டாலும், இக்கன்சோல் வழியாக உள்நுழைந்து அதனைத் திருத்த முடியும்.

இவற்றையும் பார்க்கவும்

* கணினி வலையமைப்பு
* தீச்சுவர்
* ஐ.பி முகவரி
* திசைவி
* தரவு மையம்